கார் நிற்காத கார் ஷெட்: வீட்டுப் பட்டறை பற்றி அடிக்கடி கேட்கிற கேள்விகள்

காரைக்குடிப் பக்கத்தில் ஒரு ஊர். எங்கள் பழைய வீட்டின் பின்கட்டை ஒட்டி ஒரு கார் ஷெட் இருக்கிறது. அய்யா காலத்தில் அதில் வில்வண்டி நின்றது, அப்புறம் கொஞ்ச நாள் கார் நின்றது. இப்போது ஒரு மேஜை, ஒரு வைஸ் (சாமானை இறுக்கிப் பிடிக்கும் இடுக்கி), சுவர் முழுக்க ஆணியில் தொங்கும் சாமான்கள், மூலையில் எப்போதும் நாலைந்து கால் ஒடிந்த நாற்காலிகள். சென்னை வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்த பிறகு என் பகல் பொழுது இங்கேதான் கழிகிறது. நான் ஆசாரியும் இல்லை, எலக்ட்ரீஷியனும் இல்லை. கெடுத்துக் கெடுத்துக் கற்றுக்கொண்டவன். ஊர்க்காரர்களும், திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் வந்து பத்து நாள் வீட்டைத் திறந்துவிட்டுப் போகிற உறவுக்காரர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன்.

பட்டறை போட முதலில் என்னென்ன வாங்க வேண்டும்?

கடைக்குப் போகும் முன் ஒரு கனமான மேஜை செய்துகொள்ளுங்கள். ஆடுகிற மேஜையில் எந்தக் கருவியும் ஒழுங்காக வேலை செய்யாது. அதில் ஒரு நாலு அங்குல வைஸ் பொருத்துங்கள். பிறகு சுத்தியல், கொட்டாப்புளி, இரண்டு உளி (அரை அங்குலம், முக்கால் அங்குலம்), ஒரு கை ரம்பம், மூலைமட்டம், ரசமட்டம், நல்ல திருப்புளி செட், ஒரு டிரில். இழைப்புளி வேண்டுமானால் பழையதாகப் பார்த்து வாங்குங்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகள் வரிசையாக இருக்கின்றன. சுற்றுலா வந்தவர்கள் கண்ணாடிப் படத்தையும் எனாமல் தூக்குச்சட்டியையும் பார்த்துக்கொண்டிருக்கும்போது, நீங்கள் அடியில் கிடக்கிற கீல், தாழ்ப்பாள், உளி எல்லாவற்றையும் கிளறிப் பாருங்கள்.

மிச்சத்தை வேலை வரும்போது வாங்கலாம். முப்பது சாமான் பெட்டி ஒன்றை மொத்தமாக வாங்கினேன். அதில் இன்னும் பதினெட்டு பிளாஸ்டிக் உறையோடு இருக்கின்றன.

ஆசாரி "மூணு நூல்" என்கிறார். கடைக்காரர் மில்லிமீட்டரில் கேட்கிறார். எது என்ன?

ஒரு அங்குலத்துக்கு எட்டு நூல். அங்குலம் 25.4 மில்லிமீட்டர் என்பதால் ஒரு நூல் 3 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். இரண்டு நூல் ஏறக்குறைய 6, மூன்று நூல் 9.5, நாலு நூல் 12.7. டிரில் பிட் வாங்க இவ்வளவு தெரிந்தால் போதும்.

ஐப்பசி வந்தால் ரூம் கதவு சாத்த முடியவில்லை. இழைத்துவிடலாமா?

வேண்டாம், பொறுங்கள். இந்தக் கேள்விக்கு நான் சொல்லும் பதிலைக் கேட்டுவிட்டுப் போய் அன்றைக்கே இழைத்தவர்கள் உண்டு. சித்திரையில் கதவுக்கும் நிலைக்கும் நடுவே விரல் நுழைகிற இடைவெளியோடு திரும்பி வந்தார்கள்.

மரம் ஈரம் குடித்தால் அகலவாக்கில் உப்பும், நீளவாக்கில் அவ்வளவாக மாறாது. அதனால்தான் கதவு மேலே இடிக்காமல் பக்கவாட்டில் பிடிக்கிறது. முதலில் கீல் திருகாணிகளைப் பாருங்கள். பாதிக் கதவுகள் உப்பியதால் பிடிப்பதில்லை, மேல் கீல் தளர்ந்து தொங்குவதால் பிடிக்கின்றன. திருகாணி சும்மா சுற்றினால் அதைக் கழற்றி, ஓட்டையில் மூங்கில் சிம்பை ஃபெவிகாலில் தோய்த்து அடித்து, காய்ந்த பிறகு திரும்ப முடுக்குங்கள். கீல் சரியாகத்தான் இருக்கிறது என்றால், கதவின் ஓரத்தில் சாக்பீஸ் தேய்த்துச் சாத்தித் திறந்து பாருங்கள். எங்கே சாக்பீஸ் அழிகிறதோ அங்கேதான் உரசுகிறது. அந்த இடத்தில் மெழுகுவர்த்தியைத் தேய்த்து மழைக்காலத்தை ஓட்டுங்கள்.

தையில் நன்றாகக் காய்ந்த பிறகு கதவைக் கழற்றி அதன் தலையையும் அடியையும் பாருங்கள். பத்தில் எட்டுக் கதவில் அந்த இரண்டு இடத்திலும் பெயிண்டே இருக்காது, கண்ணுக்குத் தெரியாது என்று விட்டிருப்பார்கள். மரம் தண்ணீரை அதிகம் உறிஞ்சுவது வெட்டுவாயில், அதாவது நார் குறுக்கே வெட்டுப்பட்ட முனையில்தான். அங்கே இரண்டு கோட் அடியுங்கள். அடுத்த ஐப்பசியிலும் பிடித்தால் அப்போது இழைப்போம்.

இன்னொன்று. இந்தத் தொல்லை பெரும்பாலும் புதிதாகப் போட்ட கதவில்தான் வரும். பர்மா தேக்குக் கதவுகள் நூறு ஐப்பசி பார்த்தவை.

முகப்புக் கதவு ஒரு பக்கம் இறங்கித் தரையை உரசுகிறது. அதற்குக் கீலே இல்லையே?

இல்லைதான். அது குடுமிக் கதவு. கதவின் ஓரச் சட்டமே மேலும் கீழும் முளை மாதிரி நீண்டிருக்கும். மேல் குடுமி நிலையின் மேற்கட்டைத் துளையில் நிற்கும், கீழ்க் குடுமி வாசற்படியில் குடைந்த குழியில் உட்கார்ந்து சுற்றும். மொத்த எடையும் கீழ்க் குடுமியின் மேல்தான். நூறு வருஷம் சுற்றினால் அது தேயும், கதவு இறங்கும், தரையில் அரைவட்டமாக ஒரு கோடு விழும்.

எங்கள் வீட்டுக் கதவை நான் சரி செய்த விதம் இது. முதலில் கதவுக்கு மேலே நிலையோடு எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று அளந்தேன். ஐந்து நூல் இருந்தது. அதற்கு மேல் தூக்கினால் தலை இடிக்கும். நாலு பேர் வேண்டும். இரண்டு பேர் கதவைப் பிடித்துக்கொள்ள, ஒருவர் மரக்கட்டையின் மேல் கடப்பாரையை வைத்து நெம்பினார். கருங்கல்லின் மேல் வைத்து நெம்பினால் கல் விளிம்பு உடையும், கவனம். கதவு மூன்று நூல் எழும்பியதும், நான் தரையில் படுத்து டார்ச் அடித்துக் குழியைப் பார்த்தேன். மணல், கோழி இறகு, 1950-க்கு முந்தைய ஓட்டைக் காலணா ஒன்று. யாரோ எனக்கு முன்னாலேயே இந்த வேலையைப் பார்த்திருக்கிறார்கள்! குழியைச் சுரண்டி ஊதிச் சுத்தம் செய்து, உடைந்த அண்டாவின் அடியில் வெட்டிய பித்தளை வட்டுகளை ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு நூல் உயரத்துக்கு அடுக்கி, காலணாவையும் அவற்றின் மேலேயே வைத்து, கதவை இறக்கினோம். குடுமியில் கொஞ்சம் விளக்கெண்ணெய். இப்போது என் பேத்தி ஒரு கையால் தள்ளித் திறக்கிறாள்.

அதற்கு முந்தைய வருஷம் வேறொரு குடுமிக் கதவுக்கு இரும்பு வாஷர் போட்டிருந்தேன். ஒரு மழைக்காலத்தில் துருப்பிடித்துக் குடுமியை அரத்தால் ராவியது போல் அரித்துவிட்டது. அன்றிலிருந்து எனக்கு ஒரு கணக்கு: நாம் வைக்கிற சாமான் பழைய சாமானைக் கெடுக்கக் கூடாது. அடுத்து தேய்வதானால் நாம் வைத்ததே தேயட்டும், திரும்ப மாற்றிக்கொள்ளலாம்.

அப்படியென்றால் சுவரில் பொரிந்த காரைக்கு சிமெண்ட் பூசலாமா?

கூடாது. அதே கணக்குதான். இந்த வீடுகளின் சுவர் சுண்ணாம்புக் காரை. மேல் பூச்சில் சுண்ணாம்போடு கடுக்காய், வெல்லம், முட்டையின் வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்து, தேய்த்துத் தேய்த்து மெருகேற்றியிருப்பார்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கும், வெளியேயும் விடும். சிமெண்ட் பூசினால் அந்த வழி அடைபடும். ஈரம் சுற்றிக்கொண்டு சிமெண்டுக்கு மேலே ஒரு அடி ஏறி, அங்கே உப்புப் பூத்து நல்ல காரையையும் தள்ளிவிடும். அடுத்த வருஷம் இன்னும் பெரிய ஒட்டு. அப்படியே முகப்பு முழுக்க ஏறின வீடுகள் எங்கள் தெருவிலேயே உண்டு.

தளர்ந்ததை மட்டும் தட்டி எடுங்கள். நீற்றி, சில வாரமாவது தண்ணீரில் ஊறப்போட்ட சுண்ணாம்பு ஒரு பங்கு, சலித்த மணல் மூன்று பங்கு. சுவரை நனைத்து, ஒரு தடவைக்கு மூன்று நூல் கனத்துக்கு மேல் போகாமல் பூசி, ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு மெதுவாகக் காயவிடுங்கள். பழைய மெருகு வராது. அது தெரிந்த கைகள் மிகக் குறைவு, என் கை அதில் இல்லை.

அந்தச் சுவரில் டிவி மாட்ட ஓட்டை போடலாமா?

போடலாம், ஆனால் மனசில்லாமல் சொல்கிறேன். ஓட்டை போடும் இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். மெருகுப் பூச்சைத் தாண்டும் வரை டிரில்லில் ஹேமர் சுவிட்சைப் போடாமல் மெதுவாகச் சுற்றவிடுங்கள், இல்லாவிட்டால் உள்ளங்கை அகலத்துக்குச் சில்லு பெயரும். உள்ளே இருப்பது சன்னமான பழைய செங்கல். பிட் காரை இணைப்பில் இறங்கினால் பிளாஸ்டிக் பிளக் நிற்காது. தேக்குக் கட்டையைக் கூராகச் செதுக்கி இறுக்கி அடித்து, அதில் திருகாணி போடுங்கள்.

பல பங்காளிகளுக்குச் சொந்தமான பங்கு வீடு என்றால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வளவில் (நடு முற்றத்துக் கட்டில்) ஒரு ஆணி அடித்தாலும் பங்காளிகளிடம் சொல்லிவிட்டு அடியுங்கள். எங்கள் வீட்டில் பதினொரு பங்கு. நான் கார் ஷெட்டில் பட்டறை வைத்ததற்கு அதுவும் ஒரு காரணம், அதை மட்டும்தான் யாரும் கேட்கவில்லை.

ஆத்தங்குடி கல் (பூப்போட்ட தரைக்கல்) ஒன்று உடைந்துவிட்டது. நாமே மாற்ற முடியுமா?

முடியும். அந்தக் கல் எப்படி உருவாகிறது என்று தெரிந்துகொண்டால் வேலை எளிது. கண்ணாடிப் பலகையின் மேல் சட்டம் வைத்து, அதற்குள் பூ வடிவத் தகட்டு அச்சை இறக்கி, ஒவ்வொரு கட்டத்திலும் ஒவ்வொரு வண்ணச் சிமெண்டை ஊற்றுவார்கள். அச்சை எடுத்துவிட்டு மேலே உலர்ந்த மணல் சிமெண்ட் கலவையைத் தூவி, அதன் மேல் ஈரக் கலவையைப் போட்டு மட்டம் செய்வார்கள். அப்புறம் தண்ணீர்த் தொட்டியில் ஊற வைப்பார்கள். சூளை கிடையாது. பளபளப்பு வருவது கண்ணாடியிலிருந்து. அதாவது வண்ணம் என்பது மேலே உள்ள மெல்லிய ஒரு படலம்தான். மெஷின் பாலிஷ் போடச் சொல்லி யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

இனி வேலை. உடைந்த கல்லின் நடுவில் சிற்றுளி வைத்து அடித்து நடுவிலிருந்து ஓரத்துக்கு வாருங்கள். ஓரத்தில் தொடங்கினால் பக்கத்துக் கல்லின் விளிம்பு போய்விடும், இவற்றுக்கு இடையே இடைவெளியே இருக்காது. அடியில் உள்ள பழைய காரையை, புதுக்கல்லின் கனத்தோடு இன்னும் மூன்று நூல் சேர்த்துக் கொத்தி எடுங்கள். புதுக்கல்லைத் தண்ணீரில் நனையுங்கள். சுண்ணாம்பும் மணலும் கலந்த கலவையில் உட்காரவைத்து, ரப்பர் சுத்தியலால் தட்டி, நாலு பக்கமும் ரசமட்டம் பாருங்கள். பக்கத்தைவிட ஒரு தாள் கனம் உயர்ந்தாலும் இருட்டில் கால் விரல் கண்டுபிடிக்கும். இணைப்பில் வெள்ளைச் சிமெண்டோடு ஆக்சைடு கலந்து தேய்த்து, மேலே பட்டதை உடனே துடையுங்கள். மூன்று நாள் மிதிக்கக் கூடாது.

நிறம் ஒத்துப்போகாது. பழையதில் எண்பது வருஷக் கால்களும் தேங்காய் எண்ணெயும் இருக்கின்றன. அதற்கு ஒரு தந்திரம் உண்டு. சாமான் அறையில், பெட்டிக்கு அடியில் இருக்கும் அதே பூப்போட்ட கல்லைப் பெயர்த்து முன்னால் போடுங்கள், புதுக்கல்லைப் பெட்டிக்கு அடியில் போடுங்கள். பெயர்க்கும்போது உடையாமல் வருவது பாதிக்குப் பாதி அதிர்ஷ்டம். வெறும் விரிசல்தான், ஆடவில்லை என்றால் விட்டுவிடுங்கள் என்பேன்.

ஆசிட் மட்டும் எந்தக் காரணத்துக்கும் ஊற்றாதீர்கள். சிமெண்ட் ஆசிடில் கரையும். ரசம் கொட்டினால்கூட உடனே துடைக்க வேண்டும்.

ஆச்சியின் பணியாரக் கல் பரணில் துருவேறிக் கிடக்கிறது. தூக்கிப் போட வேண்டியதுதானா?

வார்ப்பு இரும்பு உடையாத வரை சாகாது. தேய்த்துத் தேய்த்துக் கையைப் புண்ணாக்கிக்கொள்ளாமல் கரண்டிடம் விடுங்கள். பிளாஸ்டிக் வாளியில் பத்து லிட்டர் தண்ணீர், இரண்டு மூன்று மேஜைக்கரண்டி சலவை சோடா. பன்னிரண்டு வோல்ட் பேட்டரி சார்ஜரின் நெகடிவ் கிளிப்பைப் பணியாரக் கல்லில், ஒரு இடத்தில் இரும்பு தெரியச் சுரண்டிவிட்டு, மாட்டுங்கள். பாசிடிவ் கிளிப்பை மிஞ்சின கட்டடக் கம்பியில் மாட்டுங்கள். இரண்டும் தண்ணீரில் முங்கியிருக்க வேண்டும், ஆனால் ஒன்றையொன்று தொடக் கூடாது. சுவிட்சைப் போட்டால் கல்லைச் சுற்றிச் சின்னச் சின்னக் குமிழிகள் கிளம்பும். ராத்திரி முழுக்க விட்டால் காலையில் தண்ணீர் ஆரஞ்சு நிறச் சேறாகவும், துரு கறுப்புப் பொடியாகவும் மாறியிருக்கும். பிரஷ்ஷால் தேய்த்தால் வந்துவிடும்.

எவர்சில்வரைப் பாசிடிவில் போடாதீர்கள். அதிலிருக்கும் குரோமியம் விஷமாகத் தண்ணீரில் இறங்கும். துத்தநாகம் பூசிய கம்பியும் வேண்டாம். குமிழி ஹைட்ரஜன் என்பதால் கதவைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் நெருப்பு ஆகாது. சுவிட்சை அணைத்த பிறகுதான் கையை விட வேண்டும். கிளிப்பை மாற்றி மாட்டினால் என்ன ஆகும் என்பதை என்னைக் கேளுங்கள்: கம்பி பளபளவென்று ஆனது, அருவாமனையின் விளிம்பு ரம்பப் பல்லாகிவிட்டது. வீட்டில் ஒரு வாரம் காய் நறுக்கும்போதெல்லாம் எனக்கு அர்ச்சனை.

கழுவியதும் அடுப்பில் வைத்துக் காயவைத்து, சூடாக இருக்கும்போதே நல்லெண்ணெய் தடவுங்கள். பத்து நிமிஷம் சும்மா வைத்தால் திரும்பச் செம்மை பூக்கும். அப்புறம் நாலைந்து முறை எண்ணெய் தடவிப் புகைய வைத்துப் பழக்கினால் வெள்ளைப் பணியாரம் ஒட்டாமல் கழன்று வரும்.

துருவைப் பற்றிக் காரைக்குடியில் இருந்துகொண்டு நான் பேசுவது கொஞ்சம் அதிகப்பிரசங்கம்தான். இதையே ஆராய்ச்சி செய்கிற செக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், இங்கேதான் இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்தார். 1948-இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14, பொங்கலன்று டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். என் வாளி ஆராய்ச்சிக்கும் அவர்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறது. மோட்டார் போய்விட்டதா?

பெரும்பாலும் கெப்பாசிட்டர்தான். குச்சியால் தள்ளிவிட்டால் சுற்றத் தொடங்குகிறது என்றால் ஏறக்குறைய உறுதி. பழையதன் மேல் எழுதியிருக்கிற அதே அளவில் (பல ஃபேன்களில் 2.5 மைக்ரோஃபாரட்) புதிது வாங்கிப் போடுங்கள். சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டுக் கை வைக்காதீர்கள், மெயினையே இறக்குங்கள். மரச்சட்டத்துக்குள் ஓடும் பழைய வயரிங்கில் சுவிட்ச் நியூட்ரலில் இருந்ததை, அதாவது அணைத்தாலும் ஃபேனில் கரண்ட் இருப்பதை, நான் இரண்டு வீட்டில் பார்த்திருக்கிறேன்.

மிக்ஸி?

கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும், இல்லையென்றால் அடியில் உள்ள ரப்பர் கப்ளர் பல் போயிருக்கும். இரண்டும் மலிவு. மோட்டாரிலிருந்து கருகின வாசனை வந்தால் என்னிடம் கொண்டு வராதீர்கள்.

பழைய மேஜையில் பச்சைப் பெயிண்ட். உள்ளே தேக்கு என்கிறார்கள். எப்படி உரிப்பது?

பெயிண்ட் எவ்வளவு பழையது என்று யோசியுங்கள். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். அதனால் பழைய பெயிண்டில் ஈயம் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். சாண்டர் மெஷினால் தூசி கிளப்பக் கூடாது, சூட்டுத் துப்பாக்கியும் வேண்டாம். பெயிண்ட் ரிமூவர் தடவிச் சுரண்டுங்கள். மிச்சத்தைத் தண்ணீர் தொட்ட உப்புத்தாளால் தேயுங்கள். முகமூடி போடுங்கள், குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

கடைசிச் சுற்றுக்கு உடைந்த கண்ணாடித் துண்டின் விளிம்பால் மரத்தை மெல்லச் சீவுவது எனக்கு ஆசாரி ஒருவர் காட்டிய வழி. உப்புத்தாளைவிடச் சுத்தமாக வரும், சுருள் சுருளாகத் தோல் உரியும். தேக்கா இல்லையா என்பது அப்போது வாசனையிலேயே தெரிந்துவிடும். கால் ஆடினால் பழைய பசையைச் சுரண்டி, தின்னர் தொட்ட துணியால் ஒட்டும் இடத்தைத் துடைத்துவிட்டு ஒட்டுங்கள். தேக்கில் எண்ணெய் உண்டு, துடைக்காவிட்டால் ஃபெவிகால் சரியாகப் பிடிக்காது. கிளாம்பை ஒரு நாள் முழுக்க எடுக்காதீர்கள்.

தேக்கில் கறையான் வராது என்பது உண்மையா?

வைரம் பாய்ந்த நடு மரத்தில் எளிதில் வராது. வெளிறில், அதாவது ஓரத்து இளமரத்தில், வரும். இப்போது விற்கிற சின்னத் தேக்கில் பாதி வெளிறுதான். மரத்தைத் தரையோடு அடுக்காதீர்கள், அரை அடி உயரக் கல்லின் மேல் அடுக்குங்கள். சுவரில் மண் கோடு ஏறுகிறதா என்று மாதம் ஒரு முறை பாருங்கள்.

பெரிய பூட்டு இறுகிவிட்டது. தேங்காய் எண்ணெய் விடலாமா?

விட்டால் இன்றைக்குத் திறக்கும். எண்ணெயில் தூசி படிந்து பிசினாகி அடுத்த வருஷம் ஒரேயடியாக இறுகும். பென்சில் கரியைப் பொடி செய்து சாவியில் தடவி உள்ளே விட்டு ஆட்டுங்கள்.

எங்களுக்கும் ஒரு நாலு அங்குல கிரைண்டர் வேண்டும். வாங்கலாமா?

வாங்குங்கள், ஆனால் சக்கரத்தை மறைக்கிற கார்டைக் கழற்றாதீர்கள். அதில் மரம் அறுக்கும் பல் சக்கரத்தை மாட்டவே மாட்டாதீர்கள். நிமிஷத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் ஓடுகிற மெஷின் அது. பல் மாட்டிக்கொண்டால் துள்ளி வருவது உங்கள் பக்கம்தான். கண்ணாடி போடுங்கள், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிரைண்டர் பிடிக்காதீர்கள், பேன்ட் போட்டுக்கொள்ளுங்கள். ஷெட்டுக்கு 30 மில்லியாம்ப் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் தானே அணைகிற சுவிட்ச்) ஒன்று போட்டு, எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள்.

கூரை ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் என்றால் அதை அறுக்கவோ ஓட்டை போடவோ வேண்டாம். தூசி நுரையீரலுக்கு ஆகாது.

பலருக்குத் தெரியாத ஒன்று: மரத்துக்குப் பூசும் ஆளிவிதை எண்ணெய் தொட்ட துணியைக் கசக்கி மூலையில் எறிந்தால் அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கலாம். தீக்குச்சியே தேவையில்லை. கொடியில் விரித்துப் போட்டுக் காயவிடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள்.

என்னென்ன வேலை எடுத்துக்கொள்ள மாட்டீர்கள்?

கேஸ் அடுப்பு, மைக்ரோவேவ், உத்தரம், தூண். அப்புறம், "நாளைக்குப் பெண் பார்க்க வருகிறார்கள், இன்றைக்குள் இந்த ஊஞ்சலைச் சரி செய்யணும்" என்று வருகிற ஊஞ்சல்.

எப்போது வந்தால் இருப்பீர்கள், அண்ணே?

காலை ஆறரையிலிருந்து பத்து வரை. அதற்கு மேல் தகரக் கூரை காய்ந்துவிடும், உள்ளே நிற்க முடியாது. சாயங்காலம் நாலரைக்கு மேல் திரும்பத் திறப்பேன். சாமானைக் கொண்டு வரும்போது கழன்று விழுந்த திருகாணிகளையும் மறக்காமல் ஒரு டப்பாவில் போட்டுக் கொண்டு வாருங்கள்.